கண்புரை அறுவை சிகிச்சையும் பல்குவிய லென்ஸும்: பார்வை தெளிந்தும் சிலருக்கு மனநிறைவு கிட்டாதது ஏன்?

புதுடெல்லி: கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு மூக்குக்கண்ணாடியின் துணையின்றித் தொலைவையும் அருகையும் காண வழிசெய்யும் பல்குவிய லென்ஸ்கள், பெருநகரங்களில் மட்டுமன்றிச் சிறு நகரங்களில் உள்ள தனியார் கண் மருத்துவமனைகளிலும் தற்போது பரிந்துரைக்கப்படுகின்றன. இவற்றைப் பொருத்திக்கொண்டவர்களில் பெரும்பாலானோர் கண்ணாடியை மறந்தே வாழ்கின்றனர். எனினும் ஒரு பிரிவினர், பரிசோதனை அட்டையின் கடைசி வரி வரை பிழையின்றிப் படித்துக் காட்டிவிட்டு, தங்களுக்குப் பார்வை சரியாக இல்லை என்று மருத்துவரிடம் முறையிடுகின்றனர்.

இந்த முறையீட்டை வெறும் மனப்பிரமை என்று ஒதுக்கிவிட முடியாது. அட்டையில் அளக்கப்படும் பார்வையும் அன்றாட வாழ்வில் உணரப்படும் பார்வையும் ஒன்றல்ல என்பதைக் கடந்த 20 ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் தெளிவாகக் காட்டியுள்ளன. அதிருப்திக்கான காரணங்களில் பலவற்றை அறுவை சிகிச்சைக்கு முன்பே கண்டறிந்துவிடலாம் என்பதும், எஞ்சியவற்றில் பெரும்பகுதியை லென்ஸை அகற்றாமலேயே சரிசெய்துவிடலாம் என்பதும் அந்த ஆய்வுகளிலிருந்து தெரியவரும் செய்திகளாகும்.

லென்ஸ் மாற்றத்தின் பின்னணி

கண்மணிக்குப் பின்னால் அமைந்துள்ள இயற்கை லென்ஸ், இளமையில் தெளிவாகவும் நெகிழ்வாகவும் இருக்கும். அருகில் உள்ளதைப் பார்க்கும்போது அது தடித்தும், தொலைவில் உள்ளதைப் பார்க்கும்போது மெலிந்தும் தன்னைத் தகவமைத்துக்கொள்கிறது. நாற்பது வயதைக் கடக்கும்போது இந்த நெகிழ்வு குறைந்து வெள்ளெழுத்து வருகிறது. மேலும் வயது கூடும்போது லென்ஸில் உள்ள புரதங்கள் திரண்டு, பார்வை மங்குகிறது. இதுவே கண்புரை.

இந்தியாவில் பார்வையிழப்புக்கு இன்றும் முதன்மைக் காரணம் கண்புரையே. 2015 முதல் 2019 வரை நடத்தப்பட்ட தேசிய பார்வையிழப்பு மற்றும் பார்வைக் குறைபாட்டு ஆய்வின்படி, 50 வயதுக்கு மேற்பட்டோரிடம் காணப்பட்ட பார்வையிழப்பில் 66.2 சதவீதம் கண்புரையால் ஏற்பட்டதாகும். மருந்தாலோ சொட்டுநீராலோ இதைக் கரைக்க இயலாது. மங்கிய லென்ஸை அகற்றிவிட்டுச் செயற்கை லென்ஸைப் பொருத்துவதே தீர்வு.

கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் பொருத்தும் முறைக்கு அடித்தளமிட்டவர் பிரிட்டனைச் சேர்ந்த கண் மருத்துவர் ஹரால்ட் ரிட்லி. இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற விமானிகளின் கண்களுக்குள் விமானி அறையின் அக்ரிலிக் மேற்கூரைத் துணுக்குகள் தங்கியிருந்தும், கண் அவற்றை எதிர்த்து வீக்கம் கொள்ளாததை அவர் கவனித்தார். அதே வகைப் பொருளில் லென்ஸ் செய்வித்து, 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் அறுவை சிகிச்சையை அவர் மேற்கொண்டார். சக மருத்துவர்கள் பலர் நெடுங்காலம் அவரை எதிர்த்தனர். 1967இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன், மீயொலி அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சும் 'பேகோ' முறையை அறிமுகப்படுத்திய பிறகு, அறுவைக் கீறல் சில மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கியது.

இந்தியாவில் 1976இல் தேசிய பார்வையிழப்புக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டபோது, முகாம்களில் புரை அகற்றப்பட்டவர்களுக்குத் தடித்த மூக்குக்கண்ணாடியே வழங்கப்பட்டது. அந்தக் கண்ணாடியைத் தொலைத்தவர் மீண்டும் பார்வையற்றவர் போலவே ஆனார். இறக்குமதி லென்ஸின் விலை ஏழைகளுக்கு எட்டாததாக இருந்த நிலையில், 1992இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனைக் குழுமத்தின் ஆரோலேப் நிறுவனம் உள்நாட்டிலேயே லென்ஸ் தயாரிக்கத் தொடங்கியது. 1994 முதல் 2002 வரை உலக வங்கி உதவியுடன் 7 மாநிலங்களில் செயல்படுத்தப்பட்ட கண்புரைத் திட்டமும் லென்ஸ் பொருத்துவதைப் பரவலாக்கியது. அந்தத் தலைமுறைக்கு "லென்ஸ் வைப்பார்களா?" என்பதே கேள்வி. இன்று "எந்த லென்ஸ்?" என்று கேட்கும் நிலை வந்துள்ளது.

ஒரே ஒளி, பங்கிடப்படும் பார்வை

வழக்கமாகப் பொருத்தப்படும் ஒருகுவிய லென்ஸ், ஒளியை ஒரே தொலைவுக்கு உரிய வகையில் விழித்திரையில் குவிக்கிறது. பெரும்பாலும் அது தொலைப்பார்வைக்கு ஏற்ப அமைக்கப்படுகிறது. எனவே சாலையும் தொலைக்காட்சியும் தெளிவாகத் தெரியும். செய்தித்தாள் படிக்கவும், ஊசியில் நூல் கோக்கவும், அரிசியில் கல் பொறுக்கவும் வெள்ளெழுத்துக் கண்ணாடி தேவைப்படும். செயற்கை லென்ஸால் இயற்கை லென்ஸைப் போல வடிவம் மாற இயலாது என்பதே இதற்குக் காரணம்.

இந்தக் குறையைப் போக்க உருவாக்கப்பட்டதே பல்குவிய லென்ஸ். இதன் பரப்பில் நுண்ணிய வட்டப் படிகள் ஒன்றையொன்று சூழ்ந்து செதுக்கப்பட்டிருக்கும். அவற்றின் மீது விழும் ஒளி பிரிந்து, ஒரு பகுதி தொலைப்பொருளையும் மற்றொரு பகுதி அருகுப் பொருளையும் விழித்திரையில் குவிக்கிறது. இரண்டு பிம்பங்களும் எப்போதும் ஒரே நேரத்தில் விழித்திரையில் விழுகின்றன. தேவையானதைத் தேர்ந்து, மற்றதைப் புறக்கணிப்பது மூளையின் பொறுப்பாகிறது.

இங்கேதான் இந்தத் தொழில்நுட்பத்தின் பலமும் பலவீனமும் ஒருங்கே அடங்கியுள்ளன. லென்ஸ் புதிதாக ஒளியை உண்டாக்குவதில்லை. உள்ளே வரும் ஒளியைப் பங்கிடுகிறது. ஒளியைச் சரிபாதியாகப் பிரிக்கும் இருகுவிய லென்ஸில், ஏறத்தாழ 41 சதவீத ஒளி தொலைப்பார்வைக்கும், 41 சதவீதம் அருகுப் பார்வைக்கும் செல்கிறது. எஞ்சிய 18 சதவீதம் எந்தப் பிம்பத்துக்கும் பயன்படாமல் சிதறுகிறது. பின்னர் வந்த வடிவமைப்புகளில் இந்த விகிதம் மாற்றப்பட்டுள்ள போதிலும், பங்கீடு என்ற அடிப்படை மாறவில்லை.

இரவில் எதிரே வரும் வாகனத்தின் முகப்பு விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவதும் இதன் விளைவே. விளக்கின் தொலைப் பிம்பம் கூர்மையாக விழும்போது, அதே விளக்கின் குவியாத மற்றொரு பிம்பம் அதைச் சூழ்ந்து மங்கலாகப் படர்கிறது. பகலில் இது உறைப்பதில்லை. இருட்டில் கண்மணி விரிந்து, சுற்றுப்புறம் கருத்திருக்கும்போது வெளிப்படுகிறது.

அடுத்த விளைவு, சாம்பல் நிறத்தின் நுட்பமான வேறுபாடுகளைப் பிரித்தறியும் திறன் குறைவதாகும். அந்தி நேரத்தில் சிமென்ட் படியின் விளிம்பு, மழையில் நனைந்த தார்ச்சாலையில் உள்ள பள்ளம், வெளிறிய மையில் அச்சிட்ட ரசீது ஆகியவை இத்தகைய வேறுபாட்டால்தான் கண்ணுக்குப் புலப்படுகின்றன. மருத்துவமனையின் பரிசோதனை அட்டையிலோ, நன்கு ஒளியூட்டப்பட்ட வெண்பரப்பில் கருநிற எழுத்துகள் இருக்கின்றன. ஆகவே இந்தக் குறையைக் காட்டிக்கொடுக்கும் வாய்ப்பு அந்த அட்டைக்கு மிகக் குறைவு. 6/6 என்று எழுதப்பட்ட சீட்டுடன் வெளியேறும் நபர், எல்லாவற்றையும் மெழுகுத் தாளின் வழியே காண்பதுபோல் இருப்பதாகக் கூறுவது இதனால்தான்.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1997இல் முதல் பல்குவிய லென்ஸுக்கு ஒப்புதல் அளித்தது. தொடக்ககால லென்ஸ்களில் தொலைவும் அருகும் தெரிந்தன. இடைப்பட்ட தொலைவு தெரியவில்லை. கைபேசியும் கணினியும் பெருகிய காலத்தில் இது பெருங்குறையாயிற்று. ஐரோப்பாவில் 2010ஆம் ஆண்டளவில் அறிமுகமான முக்குவிய லென்ஸ்கள், ஏறத்தாழ 60 முதல் 80 சென்டிமீட்டர் வரையிலான தொலைவுக்கும் ஒளியில் ஒரு பங்கை ஒதுக்கின. அமெரிக்காவில் முதல் முக்குவிய லென்ஸ் 2019இல் ஒப்புதல் பெற்றது. குவியங்களைத் தனித்தனியாகப் பிரிக்காமல் ஒரே குவியத்தை நீட்டித் தரும் மற்றொரு வகை லென்ஸ் அந்நாட்டில் 2016இல் அனுமதிக்கப்பட்டது. இவ்வகையில் பொதுவாக ஒளிவட்டத் தொல்லை குறைவு. ஆனால் பொடி எழுத்துகளுக்குக் கண்ணாடி தேவைப்படலாம்.

ஆய்வுகள் கூறுவது

பல்குவிய லென்ஸையும் ஒருகுவிய லென்ஸையும் ஒப்பிட்ட சோதனைகளைத் தொகுத்து, காக்ரேன் அமைப்பு 2016இல் ஒரு மதிப்பாய்வை வெளியிட்டது. 2,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 20 சோதனைகள் அதில் இடம்பெற்றன. தொலைப்பார்வையில் இரு லென்ஸ்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கண்ணாடி இல்லாத அருகுப் பார்வையில் பல்குவிய லென்ஸ் மேம்பட்டிருந்தது. கண்ணாடியைச் சார்ந்திருப்பதும் குறைந்தது. மறுபுறம், ஒளிவட்டங்கள் தெரிவதாகக் கூறியவர்களின் விகிதம் ஒருகுவிய லென்ஸ் பெற்றோரை விட ஏறத்தாழ மூன்றரை மடங்காக இருந்தது. கண்ணாடியிலிருந்து கிடைக்கும் விடுதலை, இந்தப் பார்வைத் தொல்லைகளை ஈடுகட்டுமா என்பது அந்தந்த நோயாளியைப் பொறுத்தது என்பதே அம்மதிப்பாய்விலிருந்து பெறப்படும் முடிவு.

இங்கிலாந்தில் நடத்தப்பட்டு 2013இல் வெளியான மற்றொரு சோதனை இந்த ஈட்டை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. அதில் 212 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு இரு கண்களிலும் பல்குவிய லென்ஸ் பொருத்தப்பட்டது. மற்றப் பிரிவினருக்கு ஒருகுவிய லென்ஸே பொருத்தப்பட்டாலும், ஒரு கண் தொலைவுக்கும் மறு கண் அருகுக்கும் ஏற்ப அமைக்கப்பட்டது. பல்குவியப் பிரிவில் 71.3 சதவீதத்தினர் கண்ணாடியே அணிவதில்லை என்றனர். மற்றப் பிரிவில் அவ்வாறு கூறியோர் 25.8 சதவீதம் மட்டுமே.

இந்த எண்களை மட்டும் பார்த்தால் வெற்றி யாருக்கு என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே சோதனையில், முதல் ஆண்டுக்குள் பல்குவியப் பிரிவைச் சேர்ந்த 6 பேருக்கு லென்ஸை அகற்றி மாற்ற நேர்ந்தது. மற்றப் பிரிவில் ஒருவருக்கும் அத்தேவை எழவில்லை. கண்ணுக்குள் நிலைபெற்றுவிட்ட லென்ஸை வெளியே எடுப்பது, முதல் அறுவையை விடச் சிக்கலானது. விளம்பரப் பலகைகளில் முதல் எண் இடம்பெறும். இரண்டாவது எண்ணுக்கு அங்கே இடமிருப்பதில்லை.

மனநிறைவை அளப்பதும் எளிதான காரியமன்று. 1990களில் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டு உலகெங்கும் பயன்படும் 'விஎஃப்-14' என்ற கேள்வித்தாள், காசோலை நிரப்புவதையும் கோல்ஃப், பௌலிங் போன்ற விளையாட்டுகளையும் பற்றிக் கேட்கிறது. பீகாரைச் சேர்ந்த விவசாயியிடமோ ஒடிசாவின் நெசவாளியிடமோ இக்கேள்விகளால் பயனில்லை. இந்தியர்களின் வாழ்க்கைச் சூழலுக்கென 33 கேள்விகள் கொண்ட தனிக் கேள்வித்தாள் உருவாக்கப்பட்டு 2005இல் வெளியிடப்பட்டது. எந்தக் கேள்வி கேட்கப்படுகிறதோ அதற்கு உரிய விடையே கிடைக்கும் என்பதால், "95 சதவீதத்தினர் திருப்தி" என்பது போன்ற அறிவிப்புகளைக் காண்போர், எந்தக் கேள்விக்கு அவ்விடை கிடைத்தது என்பதையும் அறிவது நல்லது.

அதிருப்தியின் காரணங்கள்

திருப்தியடைந்தோரை எண்ணுவதைக் காட்டிலும், அதிருப்தியுற்றோரை ஆராய்வது பயனுள்ளது எனச் சில மருத்துவக் குழுக்கள் கருதின. அமெரிக்காவின் அட்லாண்டாவைச் சேர்ந்த குழு, பல்குவிய லென்ஸில் நிறைவடையாமல் வந்த 32 பேரின் 43 கண்களைப் பரிசோதித்து 2009இல் முடிவுகளை வெளியிட்டது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் குழு, 49 பேரின் 76 கண்களை ஆராய்ந்து 2011இல் அறிக்கை அளித்தது.

இரு ஆய்வுகளிலும் முதன்மையான முறையீடு ஒளிவட்டம் அன்று. பார்வை மங்கல் என்பதே. மாஸ்ட்ரிக்ட் ஆய்வில் ஏறத்தாழ 95 சதவீதக் கண்களில் மங்கலும், 38 சதவீதக் கண்களில் ஒளிவட்டம், கண்கூச்சம் போன்ற தொல்லைகளும் பதிவாகின. 64.5 சதவீதக் கண்களில், அறுவைக்குப் பின்னும் சிறிதளவு பவர் எஞ்சியிருந்ததே காரணமாகக் கூறப்பட்டது. 15.8 சதவீதக் கண்களில் லென்ஸின் பின்னுள்ள சவ்வு மங்கியிருந்தது. 14.5 சதவீதத்தில் கண்மணி வழக்கத்தை விடப் பெரிதாக இருந்தது.

பவர் எஞ்சுவது ஏன் இவ்வளவு பெரிய சிக்கலாகிறது? அரை டயாப்டர் வேறுபாட்டை ஒருகுவிய லென்ஸ் பெற்றவர் பொருட்படுத்துவதே இல்லை. வெள்ளெழுத்துக் கண்ணாடியுடன் அதையும் சேர்த்துக்கொள்கிறார். ஏற்கெனவே ஒளியைப் பங்கிட்டுக்கொண்ட பல்குவிய லென்ஸிலோ, அதே அரை டயாப்டர் எல்லாத் தொலைவுகளையும் ஒருசேர மங்கச் செய்யும். இந்தப் பிழை பெரும்பாலும் அளவீட்டிலிருந்தே பிறக்கிறது. கண் பந்தின் நீளத்தை அளப்பதில் 1 மில்லிமீட்டர் தவறினால், லென்ஸ் பவர் ஏறத்தாழ இரண்டரை டயாப்டர் பிறழ்ந்துவிடும்.

கருவிழியின் வளைவு ஒரு திசையில் கூடியும் மறு திசையில் குறைந்தும் இருந்தால், அதையும் சேர்த்துத் திருத்தும் 'டோரிக்' வகை லென்ஸ் தேவைப்படும். கண்ணீர்ப் படலம் சீராக இல்லாத உலர்கண் நோயாளிகளுக்கு, கருவிழியின் அளவீடே நாளுக்கு நாள் மாறக்கூடும். அத்தகையோருக்கு முதலில் உலர்கண்ணுக்குச் சிகிச்சை அளித்து, சில வாரங்களுக்குப் பின் மீண்டும் அளந்து, அதன் பிறகே லென்ஸைத் தீர்மானிப்பது முறை. காலையில் பரிசோதனை, மாலையில் அறுவை என்ற அவசரத்தில் இதற்கு இடமில்லை.

ஆறுதலான செய்தியும் இவ்விரு ஆய்வுகளில் உண்டு. அட்லாண்டா ஆய்வில் 81 சதவீதக் கண்கள், லென்ஸை மாற்றாமல் எளிய சிகிச்சைகளாலேயே முன்னேற்றம் கண்டன. லென்ஸ் மாற்றம் தேவைப்பட்டவை 3 கண்கள் மட்டுமே. மாஸ்ட்ரிக்டில் 84.2 சதவீதக் கண்களுக்குச் சிகிச்சையளிக்க வழியிருந்தது. கண்ணாடி அல்லது லேசர் மூலம் எஞ்சிய பவரைத் திருத்துவது, உலர்கண் சொட்டுமருந்து, மங்கிய சவ்வில் யாக் லேசரால் துளையிடுவது ஆகியவை அவற்றில் அடங்கும்.

யாக் லேசர் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை. சில நிமிடங்களில் முடிந்துவிடும் எளிய சிகிச்சை என்பதால், முறையீடு எதுவாயினும் முதலில் அதைச் செய்துவிடும் போக்கு காணப்படுகிறது. ஆனால் சவ்வில் துளையிட்ட பின் லென்ஸை அகற்றுவது மிகக் கடினம். மங்கலுக்குச் சவ்வுதான் காரணம் என்பதும், லென்ஸை மாற்றும் தேவை எழாது என்பதும் உறுதியான பிறகே யாக் லேசரை நாட வேண்டும் என்று கண் மருத்துவ நூல்கள் வலியுறுத்துகின்றன.

மூளை பழகிக்கொள்ளுமா?

"சில மாதங்களில் பழகிவிடும்" என்பது அறுவைக்குப் பின் நோயாளிகள் அடிக்கடி கேட்கும் வாக்கியம். இது வெறும் சமாதானச் சொல் அன்று. போர்ச்சுகலில் பல்குவிய லென்ஸ் பெற்ற 30 பேரின் மூளைச் செயல்பாடு, எம்ஆர்ஐ முறையில் பதிவுசெய்யப்பட்டு 2017இல் வெளியிடப்பட்டது. அறுவை முடிந்த மூன்றாவது வாரத்தில், கண்கூச்சம் ஏற்படுத்தும் சூழலில் அவர்களது மூளையில் கவனத்துக்கும் முயற்சிக்கும் உரிய பகுதிகள் கூடுதலாக உழைத்தன. ஆறாவது மாதத்தில் அந்த மிகை உழைப்பு தணிந்திருந்தது.

இருப்பினும் இந்த வாக்கியத்துக்கு ஓர் எல்லை உண்டு. நல்ல அளவீடு, தெளிந்த கருவிழி, நோயற்ற விழித்திரை ஆகியவை இருந்தும் ஒளிவட்டம் தெரிந்தால் பொறுத்திருப்பதில் பொருளுண்டு. பவர் எஞ்சியிருப்பதாலோ கண் உலர்ந்திருப்பதாலோ வரும் மங்கலை மூளை சரிசெய்யாது. காரணத்தை ஆராயாமல் ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வது, நோயாளியின் பொறுமையை மட்டுமே சோதிக்கும்.

யாருக்கு ஏற்றதன்று

கண் அழுத்த நோய், விழித்திரையின் மையப்பகுதியான மாக்குலாவில் தேய்வு, முற்றிய நீரிழிவு விழித்திரை நோய் ஆகியவை உள்ளோருக்குப் பல்குவிய லென்ஸ் பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. நோயால் முன்பே குறைந்துவிட்ட வேறுபாட்டுணர்வை லென்ஸ் மேலும் குறைத்துவிடும் என்பதே காரணம். இந்தியாவைப் பொறுத்தவரை இது சிறிய விலக்கு அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவில் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு உள்ளது. அவர்கள் அனைவருக்கும் விழித்திரை பாதிக்கப்பட்டிருக்காது. இன்று பாதிக்கப்படாத விழித்திரை பத்தாண்டுகளுக்குப் பிறகும் அவ்வாறே இருக்கும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. லென்ஸோ வாழ்நாள் முழுவதும் கண்ணுக்குள் இருக்கப்போவது.

புரை அடர்ந்த கண்ணில் விழித்திரையின் நுண்ணிய பாதிப்புகள் சாதாரணப் பரிசோதனையில் புலப்படாமல் போகலாம். ஆகவே 'ஓசிடி' எனப்படும் விழித்திரை அடுக்குப் படத்தை அறுவைக்கு முன்பே எடுத்துப் பார்ப்பது, பல்குவிய லென்ஸ் கேட்போருக்கு இன்றியமையாதது. இளமையில் லேசிக் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குக் கருவிழி அளவீடு வழக்கமான கணக்கீடுகளுக்கு உட்படுவதில்லை. அவர்கள் அதை மருத்துவரிடம் மறவாமல் கூற வேண்டும்.

தொழிலும் கருதப்பட வேண்டியதே. இரவு முழுவதும் நெடுஞ்சாலையில் சரக்கு லாரி ஓட்டுபவர், பின்னிரவில் இருசக்கர வாகனத்தில் வீடு திரும்புபவர் ஆகியோரின் கண்களை எதிரே வரும் வாகனங்களின் 'ஹை பீம்' விளக்குகள் நாள்தோறும் தாக்குகின்றன. மங்கலாக்க வேண்டிய இடத்தில் விளக்கை மங்கலாக்கும் வழக்கம் நம் சாலைகளில் அருகிவிட்ட நிலையில், அந்த ஒவ்வொரு விளக்கும் ஓர் ஒளிவட்டமாகத் தெரிவது ஆபத்து. மாறாக, பகலில் மட்டும் வெளியே சென்று, நாளின் பெரும்பகுதியைக் கைபேசியிலும் படிப்பிலும் கழிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு அதே லென்ஸ் வரமாக அமையலாம்.

சிறு வயது முதல் கிட்டப்பார்வை உள்ளவர்களின் நிலை வேறு. கண்ணாடியைக் கழற்றிவிட்டு நூலை முகத்தருகே வைத்துப் படித்துப் பழகியவர்கள் அவர்கள். பல்குவிய லென்ஸின் அருகுப் பார்வை பெரும்பாலும் 40 சென்டிமீட்டர் தொலைவுக்கு அமைந்திருப்பதால், தாங்கள் முன்பு பெற்றிருந்த நெருக்கமான பார்வை பறிபோனதாக அவர்கள் உணரக்கூடும். அட்டையின் கணக்கில் அவர்கள் எதையும் இழக்கவில்லை.

செலவும் காப்பீடும்

பல்குவிய லென்ஸ் பெரும்பாலும் நோயாளியின் சொந்தப் பணத்திலேயே வாங்கப்படுகிறது. 2018இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் கண்புரை அறுவையும் லென்ஸும் அடங்கும். அது வழக்கமான லென்ஸுக்கு உரியது. 2020 முதல் அனைத்துப் பொது மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களும் வழங்கிவரும் 'ஆரோக்கிய சஞ்சீவனி' பாலிசியில், ஒரு கண்ணுக்குக் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் அல்லது 40,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவே உச்சவரம்பு என வரையறுக்கப்பட்டது. 24 மாதக் காத்திருப்புக் காலமும் உண்டு. பிற பாலிசிகளிலும் கண்புரைக்குத் தனி உச்சவரம்பு இருப்பது வழக்கம். வரம்பைக் கடந்த தொகை நோயாளியின் கையிலிருந்தே செல்ல வேண்டும் என்பதால், லென்ஸைத் தேர்ந்தெடுக்கும் முன்பே காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்துமூலம் கேட்டுக்கொள்வது வீண் சச்சரவைத் தவிர்க்கும்.

பல மருத்துவமனைகளில் லென்ஸ் பற்றிய விளக்கத்தை அளிப்பவர் அறுவை மருத்துவர் அல்லர். கவுன்சலர் எனப்படும் ஆலோசகரே. விலைப்பட்டியலில் ஒருகுவிய லென்ஸ் கீழ் வரிசையிலும், பல்குவிய லென்ஸ் 'பிரீமியம்' என்ற தலைப்பில் மேல் வரிசையிலும் அச்சிடப்பட்டிருக்கும். விலை கூடியது தரத்திலும் கூடியது என்று பெற்றோருக்காகப் பணம் செலுத்தும் பிள்ளைகள் முடிவுசெய்துவிடுகின்றனர். குறைந்த விலையில் வைத்தால் ஊர் என்ன சொல்லும் என்ற தயக்கமும் சேர்ந்துகொள்கிறது. உண்மையில் இவ்விரண்டும் ஒரே ஏணியின் கீழ்ப்படியும் மேற்படியும் அல்ல. ஒருகுவிய லென்ஸ், வேறுபாட்டுணர்வில் சிறந்த பார்வையை அளித்துப் படிக்கக் கண்ணாடி கேட்கிறது. பல்குவிய லென்ஸ், கண்ணாடியை நீக்கி அந்தக் கூர்மையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது.

ஆகவே ஆலோசகரின் அறையில் கேட்கப்பட வேண்டிய முதல் கேள்வி, "கண்ணாடி அணிவது உங்களுக்கு எவ்வளவு தொல்லையாக உள்ளது?" என்பதே. நாற்பது ஆண்டுகளாகக் கண்ணாடி அணிந்து அதை முகத்தின் ஒரு பகுதியாகவே கருதும் ஒருவருக்கு, அதை அகற்றுவதற்காகத் தரும் விலை மிகையாகப்படலாம். கண்ணாடி ஒருபோதும் தேவைப்படாது என்ற வாக்குறுதியையும் எந்த மருத்துவரும் முழுமையாக அளிக்க இயலாது. மங்கிய வெளிச்சத்தில் மருந்துச் சீட்டின் பொடி எழுத்தைப் படிக்கும்போது, முக்குவிய லென்ஸ் பெற்றவர்களும் சில வேளைகளில் கண்ணாடியைத் தேடுகின்றனர்.

இரு கண்களிலும் புரை உள்ளோருக்கு ஒரு சாதகம் உண்டு. வழக்கமாக இரு அறுவைகளுக்கும் இடையே சில நாள்கள் அல்லது வாரங்கள் இடைவெளி விடப்படுகிறது. அந்த இடைவெளியில் முதல் கண்ணுடன் இரவில் தெருவில் நடந்தும், அந்தி வெளிச்சத்தில் படியிறங்கியும் பார்த்து, உணர்ந்ததை மருத்துவரிடம் கூறினால், இரண்டாவது கண்ணுக்கான லென்ஸை அதற்கேற்ப மாற்றியமைக்க வாய்ப்புண்டு. பல்குவிய லென்ஸின் முழுப்பயன் இரு கண்களிலும் பொருத்திய பிறகே கிடைக்கும் என்பதால், முதல் கண்ணை மட்டும் வைத்து அவசரமாகத் தீர்ப்பளிப்பதும் சரியாகாது. இதை மருத்துவருடன் பேசியே முடிவுசெய்ய வேண்டும்.

அறுவை முடிந்து வீடு திரும்பும்போது, பொருத்தப்பட்ட லென்ஸின் பெயர், பவர், வரிசை எண் ஆகியவை அச்சிட்ட ஒட்டுச்சீட்டோ அட்டையோ நோயாளியிடம் வழங்கப்படுகிறது. பிற்காலத்தில் விழித்திரைச் சிகிச்சைக்காகவோ, எஞ்சிய பவரைத் திருத்தவோ, லென்ஸை மாற்றவோ வேறொரு மருத்துவரை அணுக நேர்ந்தால், அவர் முதலில் கேட்பது இந்த விவரங்களையே. ஆதார் அட்டையுடனும் காப்பீட்டு ஆவணங்களுடனும் சேர்த்து அதையும் பத்திரப்படுத்துவதுடன், அதைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வதும் நலம்.